அந்தப் படம் எங்கிருந்து எடுத்தது? வெளிநாட்டு சைக்கிள் பயணம்: கேள்வி பதில்

விடுமுறைக்கு வெளிநாட்டில் சைக்கிள் ஓட்டப் போகிறோம், எந்த இடம் அழகாக இருக்கும் என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

நானும் கணவரும் முதல்முறை போகிறோம். ஒரு நாளைக்கு 40 கி.மீ. தாண்ட முடியாது. ஆறு, மலை, பழைய ஊர் எல்லாம் பார்க்க ஆசை. எங்கே போகலாம்?

யோசிக்கவே வேண்டாம், டான்யூப் நதிக்கரைக்குப் போங்கள். ஜெர்மனியின் பாசாவ் ஊரில் தொடங்கி ஆஸ்திரியாவின் வியன்னா வரை சுமார் 320 கி.மீ. எட்டு நாளில் உங்கள் வேகத்துக்குச் சரியாக இருக்கும். பெரும்பாலும் கார் வராத தனிப் பாதை. ஆறு போகிற திசையிலேயே போவதால் மொத்தத்தில் இறக்கம்தான். ஆனால் அத்தனை தூரத்துக்கும் சேர்த்து 150 மீட்டர் அளவுக்குத்தான் இறங்குகிறது; மிதிக்காமல் உருண்டு போய்விடலாம் என்று நினைக்காதீர்கள்.

உண்மையில் உதவுவது காற்று. அங்கே பெரும்பாலான நாட்களில் மேற்கிலிருந்து வீசும். கூட்டம் குறைவாக இருக்குமே என்று நான் ஒரு தடவை வியன்னாவில் தொடங்கி மேற்கே போனேன். மூன்றாம் நாள் மத்தியானம் படகில் ஏறிவிட்டேன். பாதையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, புத்தி எனக்குத்தான் இல்லை.

வழியில் இரண்டு இடங்களில் நிதானமாக இருங்கள். ஒன்று ஷ்லோகன். ஆறு அங்கே மலையில் முட்டிக்கொண்டு வந்த திசைக்கே திரும்பும். சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டு அரை மணி நேரம் நடந்து மேலே போனால்தான் அந்த வளைவு முழுதாகக் கண்ணில் படும். இன்னொன்று மெல்க் முதல் கிரெம்ஸ் வரை உள்ள வாகாவ் பள்ளத்தாக்கு. 2000இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். 40 கி.மீ.கூட இல்லை, ஒரே நாளில் ஓட்டிவிடலாம், ஆனால் இரண்டு நாள் கொடுங்கள். படிப்படியாகத் திராட்சைத் தோட்டங்கள், ஏப்ரல் தொடக்கத்தில் ஆப்ரிகாட் பூக்கள், டுர்ன்ஸ்டைன் ஊருக்கு மேலே இடிந்த கோட்டை. இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டை 1192இல் பிடித்து அடைத்து வைத்தது அந்தக் கோட்டையில்தான்.

மே, ஜூன் அல்லது செப்டம்பர் நல்லது. கணவருக்கு முடியவில்லை என்றால் பல இடங்களில் ரயில், படகு உண்டு. அவரை ஏற்றிவிட்டு நீங்கள் மட்டும் ஓட்டிப் போகலாம்!

அண்ணா, ஸ்டெல்வியோ கணவாய் படம் பார்த்தேன். மலைமேல் பாம்பு மாதிரி ரோடு. ஓட்டினால் அங்கேதான் ஓட்ட வேண்டும். ஆறு மாதமாகத்தான் சைக்கிள் ஓட்டுகிறேன்.

தம்பி, அந்தப் படம் எங்கிருந்து எடுத்தது என்று ஒரு நிமிடம் யோசி. மேலே இருந்து. அந்த இடத்துக்கு நீ மிதித்துத்தான் போக வேண்டும். இத்தாலியில் பிராத்தோ பக்கமிருந்து ஏறினால் 48 கொண்டை ஊசி வளைவுகள், 25 கி.மீ. அளவுக்கு இடைவிடாத ஏற்றம், உச்சி 2,757 மீட்டர். பழக்கம் இல்லாதவர்களுக்கு அரை நாள் போய்விடும். அவ்வளவு நேரமும் கண்ணில் படப்போவது முன் சக்கரமும் தார்ச்சாலையும்தான்.

வேண்டாம் என்று சொல்லவில்லை, இந்த வருடம் வேண்டாம். அதே பக்கத்தில் வின்ஷ்காவ் என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. ரெஷென் ஏரியில் தொடங்கி மெரானோ வரை சுமார் 80 கி.மீ., 1,500 மீட்டர் உயரத்திலிருந்து 300 மீட்டருக்கு இறங்கும் சைக்கிள் பாதை. ஏரி நடுவே ஒரு தேவாலயக் கோபுரம் மட்டும் தலைநீட்டி நிற்கும். 1950இல் அணைக்காக மூழ்கடித்த ஊரில் மிச்சம் அதுதான். பாதை பிராத்தோ வழியாகவே போகிறது, ஸ்டெல்வியோவைக் கீழே இருந்து அண்ணாந்து பார்த்துக்கொள்ளலாம். திரும்பி ஏற மெரானோவிலிருந்து மால்ஸ் வரை ரயில் இருக்கிறது.

ஸ்டெல்வியோவுக்கு என்றைக்காவது போனால், ஆண்டில் ஒரு நாள் மோட்டார் வண்டிகளை நிறுத்திவிட்டு சைக்கிளுக்கு மட்டும் ரோட்டை விடுவார்கள். அந்தத் தேதி பார்த்துப் போ.

நெதர்லாந்து முழுக்கச் சமதளம், அதனால் சுலபம் என்கிறார்களே?

மலை இல்லாத குறையை அங்கே காற்று தீர்த்து வைக்கும். ஏற்றம் என்றால் எங்காவது முடியும், எதிர்காற்று முடியாது. பெரும்பாலும் தென்மேற்குக் காற்று, அதனால் தெற்கே தொடங்கி வடகிழக்காகப் போகும்படி திட்டம் போடுங்கள். வழி தவறிப் போகத்தான் அங்கே முடியாது. சந்திப்புக்குச் சந்திப்பு எண் போட்டிருப்பார்கள். போக வேண்டிய எண்களை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொண்டால் போதும், போன் தேவையில்லை.

ட்யூலிப் பார்க்கத்தான் என்றால் ஏப்ரல் நடுவிலிருந்து மே தொடக்கம் வரை, லிஸ்ஸே பக்கம். கிழங்கு பெருக்க வேண்டும் என்பதற்காக விவசாயிகள் பூத்தலையைச் சீவி எறிந்துவிடுவார்கள். முந்தின நாள் சிவப்பாகப் பார்த்த வயல் மறுநாள் பச்சையாக இருக்கும். அதனால் வயலைப் பார்த்த உடனே நின்று பார்த்துவிடுங்கள்.

11, 14 வயதில் இரண்டு பிள்ளைகள். லாரி, கார் பயம் இல்லாமல் கடல் பார்த்துக்கொண்டு ஓட்ட ஏதாவது உண்டா அக்கா?

அக்கா இல்லை, அண்ணன்தான், பரவாயில்லை! ஜப்பானில் ஷிமானமி கைடோ. ஒனொமிச்சியிலிருந்து இமாபாரி வரை ஆறு தீவுகள் வழியாகச் சுமார் 70 கி.மீ. 1999இல் பாலங்கள் முழுமையாக இணைந்தன. பாலங்களில் சைக்கிளுக்குத் தனி வழி, மேலே ஏறும் சரிவும் மிக மெதுவானது. தீவுகளில் சாதாரண ரோட்டில்தான் போக வேண்டும், ஆனால் போக்குவரத்து குறைவு. ரோட்டோரம் நீலக்கோடு போட்டிருக்கும், பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டே போகலாம். ஒனொமிச்சியிலிருந்து முதல் தீவுக்கு மட்டும் படகு, சில நிமிடம்தான்.

ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள், நடுவே ஒரு தீவில் இரவு தங்குங்கள். சாதாரண வாடகை சைக்கிளை வழியில் வேறொரு நிலையத்தில் விடலாம். எலக்ட்ரிக் சைக்கிளுக்கு அந்த வசதி பொதுவாக இல்லை, எடுத்த இடத்திலேயே விட வேண்டியிருக்கும். ஜூன் மழையையும் அதற்கடுத்த புயல் மாதங்களையும் தவிர்த்துவிடுங்கள்.

ஆளரவம் இல்லாத இடம் வேண்டும். ஆனால் முழங்கால் ஒத்துழைக்காது.

பழைய ரயில் தடம் தேடுங்கள். ரயிலுக்குச் செங்குத்து ஏற்றம் ஆகாது. அதனால் தண்டவாளத்தை எடுத்துவிட்டு சைக்கிளுக்கு விட்ட பாதை எதுவானாலும் முழங்காலுக்கு நல்லது. நியூசிலாந்தின் ஒட்டாகோ சென்ட்ரல் பாதை 152 கி.மீ. 1990இல் ரயில் நின்றது, 2000இல் சைக்கிள் பாதையாகத் திறந்தது. வறண்ட பொன்னிறக் குன்றுகள், மரப்பாலங்கள், குகை வழிகள். டார்ச் மறக்காதீர்கள், குகைக்குள் கும்மிருட்டு. அங்கே இலையுதிர் காலம் ஏப்ரலில் வரும், எனக்குப் பிடித்த மாதம்.

ஐரோப்பாவிலேயே என்றால் வென்பான்: ஜெர்மனி, பெல்ஜியம், லக்சம்பர்க் மூன்று நாட்டையும் தொட்டுக்கொண்டு 125 கி.மீ.

சொந்த சைக்கிளை விமானத்தில் கொண்டுபோகலாமா? என்னுடையது எலக்ட்ரிக்.

பேட்டரியை ஏற்ற விடமாட்டார்கள். பேட்டரி எவ்வளவு மின்சாரம் சேமிக்கும் என்பதை வாட்-மணியில் சொல்வார்கள்; பயணிகள் விமானத்தில் 160க்கு மேல் அனுமதி இல்லை, எலக்ட்ரிக் சைக்கிள் பேட்டரி பெரும்பாலும் அதைவிடப் பெரியது. அங்கே போய் வாடகைக்கு எடுங்கள். சொந்த சீட்டை மட்டும் கழற்றி எடுத்துப்போங்கள். மற்றவர்கள் சிரித்தாலும் நாலாம் நாள் அருமை தெரியும்.

எட்டு நாள் லீவு. நாளுக்கு 100 என்று 800 கி.மீ. போட்டிருக்கிறேன். சரிதானே சார்?

பை இல்லாமல், மழை இல்லாமல், பஞ்சர் இல்லாமல், எங்கேயும் நிற்காமல் போனால் சரி. நிற்காமல் போவதற்கு அவ்வளவு தூரம் பறந்து போவானேன்? பாதியாக்குங்கள். வரைபடத்தில் கிலோமீட்டரோடு அன்றைய மொத்த ஏற்றத்தையும் பாருங்கள். 50 கி.மீ.க்கு 300 மீட்டர் என்றால் சாயங்காலம் ஊரைச் சுற்றத் தெம்பு இருக்கும். அதே 50க்கு 1,000 மீட்டர் என்றால் சாப்பிட்டதும் படுத்துவிடுவீர்கள். ஐந்தாம் நாளை ஓட்டாத நாளாக வையுங்கள், துணியும் காய்ந்துவிடும்.