வெள்ளைச் சட்டை, கறுப்புப் பெயரட்டை: மார்மன் ஊழியக்காரரின் அன்றாடம் பற்றிக் கேள்வி பதில்

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையை வெளியில் பலரும் மார்மன் சபை என்றே அறிவார்கள். அதற்காக வீடு வீடாகப் போய்ப் போதிக்கும் முழுநேர ஊழியம் செய்து திரும்பியவன் நான். இன்றும் அந்தச் சபையில்தான் இருக்கிறேன். ஊழியக்காரர்களின் அன்றாட வாழ்க்கை, விசுவாசம் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: காலையிலிருந்து இரவு வரை அந்தப் பையன்கள் என்னதான் செய்கிறார்கள்?

ஆறரைக்கு அலாரம். எழுந்ததும் கட்டில் ஓரத்தில் முழங்காலிட்டு ஜெபம். அரை மணி உடற்பயிற்சி, குளியல், காலை உணவு. அப்புறம் படிப்பு. முதலில் அவரவர் தனியாக பைபிளும், எங்கள் சபையின் இன்னொரு வேதநூலான மார்மன் புஸ்தகமும் படிப்பார்கள். அடுத்து, ஜோடியாகத் தங்கும் கூட்டாளிகள் இருவரும் சேர்ந்து படிப்பார்கள். வேற்று மொழி பேசும் ஊர் என்றால் மொழிப் பாடமும் உண்டு. பிறகு வெளியே கிளம்பினால் இரவு ஒன்பது, ஒன்பதரைக்குத்தான் அறைக்குத் திரும்புவது. மறுநாளைக்குத் திட்டம் போட்டுவிட்டு பத்தரைக்கு விளக்கை அணைக்க வேண்டும். 2017 இலிருந்து அந்தந்த ஊருக்கு ஏற்ப நேரத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள இடம் கொடுத்திருக்கிறார்கள்.

வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று, அந்தச் சேர்ந்த படிப்பு. ஒருவர் வீட்டுக்காரர், இன்னொருவர் ஊழியக்காரர் என்று வைத்துக்கொண்டு பேசிப் பார்ப்போம். "என் அப்பா போன மாதம் இறந்துவிட்டார், உங்கள் கடவுள் எங்கே போனார்?" என்று கூட்டாளி திடீரென்று கேட்பார். மனப்பாடம் செய்த பாடம் அங்கே உதவாது. வாயை மூடிக்கொண்டு, எதிரில் இருப்பவர் சொல்வதை முழுதாகக் கேட்கத்தான் அந்தப் பயிற்சி பழக்கும்.

வாரத்தில் ஒரு நாள் ஆயத்த நாள். துணி துவைப்பது, முடி வெட்டுவது, மளிகை வாங்குவது எல்லாம் அன்றுதான். வெள்ளைச் சட்டையின் கழுத்துப்பட்டியில் படியும் கறுப்புக் கோட்டை, சோப்புக் கட்டியை நேராகவே தேய்த்து ஊறவைத்தால்தான் எடுக்க முடியும். அன்றும் மாலை ஆறு மணிக்கு மறுபடி டை கட்ட வேண்டும்.

கேள்வி: சபை எவ்வளவு சம்பளம் தருகிறது?

ஒன்றும் தருவதில்லை. ஊழியக்காரரும் குடும்பமும்தான் பணம் கட்டுகிறார்கள். அமெரிக்கா போன்ற நாடுகளிலிருந்து போகிறவர்களுக்கு மாதம் 400 டாலராக இருந்தது, 2020 ஜூலையில் 500 ஆனது. முன்பெல்லாம் செலவு அதிகமான ஊருக்கு அனுப்பப்பட்ட பையனின் வீட்டில் அதிகம் கட்ட வேண்டியிருந்தது. 1991 இலிருந்து எங்கே போனாலும் ஒரே தொகை. நியாயமான ஏற்பாடு என்பேன். வசதி இல்லாதவர்களுக்குச் சபையாரும் நிதியும் கைகொடுக்கும்.

கேள்வி: ஒரு ஆளைச் சேர்த்துவிட்டால் கமிஷன் உண்டாமே?

கிடையாது. சம்பளமே இல்லை என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: எந்த நாடு என்று நாமே தேர்ந்தெடுக்கலாமா அண்ணா? எத்தனை வருஷம்?

தேர்ந்தெடுக்க முடியாது தம்பி. சபையின் இன்றைய உயர் தலைமையில் இருக்கும் பன்னிரண்டு அப்போஸ்தலரில் ஒருவர் ஜெபத்தோடு இடத்தைக் குறிப்பார், சபைத் தலைவர் பெயரில் கடிதம் வரும். ஒரு காலத்தில் தபாலில் வரும் பெரிய வெள்ளை உறையைக் குடும்பம் முழுவதும் கூடி நின்று பிரிக்கும். 2018 இலிருந்து இணையம் வழியே வருகிறது. ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம். 2012 அக்டோபரில் ஆண்களுக்கான வயதை 19 இலிருந்து 18 ஆகவும், பெண்களுக்கு 21 இலிருந்து 19 ஆகவும் குறைத்தபோது விண்ணப்பங்கள் குவிந்தன. 2025 நவம்பரில் பெண்களுக்கும் 18 ஆக்கினார்கள்.

எல்லா நாட்டிலும் போதிக்கவும் முடியாது. சீனாவுக்குள் ஊழியக்காரர்களை அனுப்புவதில்லை. இஸ்ரேலில் மதம் பரப்ப மாட்டோம் என்று சபை எழுதியே கொடுத்திருக்கிறது. ரஷ்யாவில், மதம் பரப்புவதைக் கட்டுப்படுத்திய 2016 சட்டத்துக்குப் பிறகு தன்னார்வலர்களாகத்தான் இருக்கிறார்கள். நம் பக்கத்துக் கதை வேண்டுமென்றால், ரிச்சர்ட் பாலன்டைன் 1853 இலேயே மதராஸில் வந்து இறங்கிப் பிரசங்கம் செய்தார். சால்ட் லேக் சிட்டியில் 1849 இல் முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியவர் அவர்தான்.

இடத்தைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டு விண்ணப்பத்தை ஒழுங்காக நிரப்புங்கள். மருத்துவரும் பல் மருத்துவரும் பார்த்துச் சான்று தர வேண்டும். ஆஸ்துமாவோ மனச்சோர்வோ எதையும் மறைக்காதீர்கள்.

கேள்வி: உங்களுக்கெல்லாம் எத்தனை மனைவி?

ஒன்று. பலதார மணத்தைக் கைவிடும் அறிவிப்பைத் தலைவர் வில்ஃபர்ட் உட்ரஃப் 1890 இல் வெளியிட்டார். இன்று ஒருவர் மனைவி இருக்கும்போதே இன்னொருவரை மணந்தால் சபையை விட்டு நீக்கப்படுவார். இதே கேள்வி இன்னும் மூன்று வந்திருக்கின்றன. அவற்றுக்கும் இதுதான் பதில்.

கேள்வி: எந்நேரமும் ஜோடியாகவே திரிகிறார்களே, ஏன்?

பாதுகாப்பு ஒரு காரணம். இயேசு இருவர் இருவராக அனுப்பிய சீஷர்களின் முன்மாதிரி இன்னொரு காரணம். குளியலறை போன்ற தனிமை தவிர, ஒருவர் கண்ணிலும் காதிலும் படும் தூரத்தில்தான் மற்றவர் இருக்க வேண்டும். கூட்டாளியை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. சில வாரங்களுக்கொரு முறை இடமாற்றம் வரும், ஆளும் மாறுவார்.

ஊழியத்தில் கஷ்டம் எது என்றால், மூடப்படும் கதவுகள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு அதைவிடக் கஷ்டம் கூட்டாளிதான். தட்டைக் கழுவாமல் வைப்பவர், வீட்டு நினைவில் பேசாமலே இருப்பவர், விதிகளை எண்ணி எண்ணிச் சொல்பவர் என்று பலவிதம். வாரம் ஒருமுறை எதிரெதிரே உட்கார்ந்து, "உன்னிடம் எனக்குப் பிடித்தது இது, என்னைச் சங்கடப்படுத்துவது இது" என்று சொல்லிக்கொள்ள வேண்டும். பதினெட்டு வயதில் அதைச் செய்வது சாதாரண விஷயமில்லை. மன்னிப்பைப் பற்றி ஊருக்குச் சொல்கிறவன், முதலில் அந்த அறைக்குள் அதைச் செய்தாக வேண்டும்.

கேள்வி: காபி, டீ நிஜமாகவே குடிக்க மாட்டீர்களா?

மாட்டோம். மது, புகையிலையும் கூடாது. 1833 இல் எங்கள் சபையைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித் பெற்ற வெளிப்பாடு என்று ஏற்கிறோம். வீட்டில் காபி நீட்டினால், தண்ணீர் போதும் என்று சிரித்த முகத்தோடு சொல்லப் பழக வேண்டும்.

கேள்வி: பதினெட்டு வயதில் இந்தப் போதனை உண்மை என்று 'எனக்குத் தெரியும்' எனச் சாட்சி சொல்கிறார்களே, எப்படித் தெரியும்?

மார்மன் புஸ்தகத்தின் கடைசியில், மரோனி பத்தாம் அதிகாரத்தில் ஓர் அழைப்பு இருக்கிறது. படித்துவிட்டு, கிறிஸ்துவில் விசுவாசத்தோடும் உண்மையான நோக்கத்தோடும் தேவனிடமே கேள், பரிசுத்த ஆவியால் தெரியப்படுத்துவார் என்பது அதன் சாரம். நாங்கள் வீட்டுக்கு வீடு சொல்வதும் இதுவே. எங்களை நம்புங்கள் என்று சொல்வதில்லை.

சிலருக்கு அந்தப் பதில் ஒரே இரவில் வருகிறது. எனக்கு அப்படி வரவில்லை. தினமும் படித்து, தினமும் ஜெபித்து, ஒருநாள் ஒரு வீட்டில் திருவிருந்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தபோது, நான் சொல்வதை நானே நம்புகிறேன் என்று தெளிவாகத் தெரிந்தது. இன்னும் வராதவர், "நம்ப விரும்புகிறேன், தேடிக்கொண்டிருக்கிறேன்" என்று சொன்னால் போதும். அம்மா அப்பாவின் சாட்சியைக் கடன் வாங்கிச் சொல்லாதீர்கள், எதிரில் இருப்பவருக்கு அது தெரிந்துவிடும்.

கேள்வி: வீட்டுக்கு எப்போது பேசலாம்?

2019 பிப்ரவரி வரை அன்னையர் தினம், கிறிஸ்துமஸ் ஆகிய இரண்டு நாள்தான். மற்ற வாரங்களில் மின்னஞ்சல். இப்போது வாரந்தோறும் ஆயத்த நாளில் பேசலாம், முகம் பார்த்தும் பேசலாம்.

கேள்வி: சினிமா இல்லை, காதல் இல்லை, தனியாக ஒரு தெரு நடக்கக்கூட முடியாது. இது சிறை இல்லையா?

இல்லை. சிறையில் இருப்பவன் "போதும், போகிறேன்" என்று சொல்ல முடியாது. ஊழியக்காரன் சொல்லலாம். இரண்டு வருடம் ஒரே காரியத்துக்கு மனதைக் கொடுக்கவே அந்த விதிகள் என்று தெரிந்துதான் போகிறான்.

கேள்வி: சொல்லலாம் என்கிறீர்கள். நான் பாதியில் திரும்பினேன். வரவேற்க வந்தவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த ஞாயிறு சபையில் யாரும் பக்கத்தில் உட்காரவில்லை.

நீங்கள் எழுதியதைப் படித்து வேதனைப்பட்டேன். அன்று அவர்கள் நடந்துகொண்டது தவறு. உடல்நிலை, மனநிலை, வீட்டு நிலைமை என்று பாதியில் திரும்புவோர் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நீங்கள் செய்த ஊழியம் ஊழியம்தான், அதை யாரும் கழித்துவிட முடியாது.

கேள்வி: நான் ஒரு தகப்பன். வாக்குக் கொடுத்தால் முடிக்க வேண்டாமா? எல்லோரும் திரும்பலாம் என்றால் யார் தாக்குப்பிடிப்பார்கள்?

ஐயா, வீட்டு ஏக்கத்தால் முதல் வாரங்களில் அழாதவர் குறைவு. அதைத் தாண்ட உற்சாகப்படுத்துங்கள், சரிதான். ஆனால் தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்கிற பிள்ளையிடம் வாக்கைப் பற்றிப் பேசாதீர்கள். உடனே அந்தப் பகுதி ஊழியக்காரர்களைக் கவனிக்கும் ஊழியத் தலைவரிடமும் மருத்துவரிடமும் பேசுங்கள். வீட்டிலிருந்தபடியே செய்யும் சேவை ஊழியமும் இருக்கிறது. அது குறைந்தது இல்லை.

கேள்வி: ஆக, அழுத்தம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறீர்கள்? (சிறை என்று கேட்டவர்)

இருக்கிறது. பெண்களுக்கு ஊழியம் விருப்பம், தகுதியுள்ள இளைஞர்களுக்குக் கடமை என்று சபை போதிக்கிறது. அந்தக் கடமையைத் தேவனுக்குச் செய்வதாக நினைத்துப் போகிறவன் நிற்கிறான். உறவினர் வாய்க்குப் பயந்தோ, ஒரு பெண்ணின் வீட்டார் கேட்பார்கள் என்றோ போகிறவன் தானும் வாடி, கூட்டாளியையும் வாட்டுகிறான். அப்படிப் போகாதீர்கள் என்று என்னிடம் கேட்கும் ஒவ்வொரு பையனிடமும் சொல்கிறேன். இதனால் என் விசுவாசம் குறையவில்லை. தானாக வந்து சேர்ந்த ஊழியக்காரனோடு நடந்த நாட்கள்தான் என் விசுவாசத்தை வளர்த்தன.

கேள்வி: ஆலயத்துக்குள் என்ன நடக்கும்? ஆலயச் சடங்கு பெற்றவர்கள் அணியும் உள்ளாடை பற்றி...

பரிசுத்தமாகக் காப்பவை. இங்கே பேச மாட்டேன்.

கேள்வி: விசா, கல்லூரி விடுப்பு எல்லாம்?

உங்கள் ஊர்ச் சபையின் தலைவரான பிஷப்பிடமும் கல்லூரியிடமும் கேளுங்கள். நாட்டுக்கு நாடு மாறும்.

கேள்வி: சம்பளம்...

மேலே இருக்கிறது.

கேள்வி: தம்பி, என் மகன் அடுத்த மாதம் ஊழியப் பயிற்சி மையத்துக்குப் போகிறான். என்ன வாங்கித் தரட்டும்?

அம்மா, சபை அனுப்பும் பட்டியல்படி வாங்குங்கள். அதற்கு மேல் ஷூவில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். தையல் போட்ட, அடிப்பாகம் மாற்றக்கூடிய இரண்டு ஜோடி வாங்கி, இப்போதே தினமும் போட்டு நடக்கச் சொல்லுங்கள். ஒன்று நனைந்து காயாத நாளில் மற்றது கைகொடுக்கும். சட்டைப் பொத்தான் தைக்கவும் நாலு வகைச் சமையலும் சொல்லிக்கொடுங்கள். அப்புறம், அந்த மருத்துவப் படிவத்தை அவனோடு உட்கார்ந்து ஒருமுறை படித்துவிடுங்கள்.