பி.ஏ. வரலாறு, அரசியல் அறிவியல்: மனப்பாடம் செய்தால் போதுமா?

கேள்வி இது: ப்ளஸ் டூ முடித்துக் கலைக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு சேர்ந்திருக்கிறேன், அலைடு (துணை) பாடம் அரசியல் அறிவியல். "கைடை மனப்பாடம் பண்ணினால் போதும்" என்கிறார்கள் சீனியர்கள். உண்மையா?

பாஸாக வேண்டும் என்றால் உண்மைதான். தமிழ்நாட்டில் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் இன்டர்னல் 25, செமஸ்டர் தேர்வு 75. அந்த 75-இல் 30-ஐயும் மொத்தத்தில் 40-ஐயும் எட்டக் கைடு போதும். அதற்கு மேல் எதுவானாலும், முதல் வகுப்போ, எம்.ஏ.வோ, கல்லூரி ஆசிரியருக்கான நெட் தேர்வோ, டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 மெயின்ஸோ, கைடு கைவிட்டுவிடும். காரணம், கைடு இரண்டு பாடங்களையும் தனித்தனிப் பெட்டியில் அடைத்துத் தருகிறது. ஒரே விஷயத்தை இரண்டு பக்கமும் நின்று பார்ப்பதில்தான் இந்தப் படிப்பின் லாபமே இருக்கிறது.

வகுப்புவாரி அரசாணையை, அதாவது அரசு வேலைகளையும் கல்லூரி இடங்களையும் சாதி, மத வாரியாகப் பங்கிட்ட ஆணையை, எடுத்துக்கொள்ளுங்கள். தமிழக வரலாற்றுத் தாளில் நீதிக்கட்சிப் பாடத்தில் வரும்: 1921-இல் முதல் அரசாணை, பின்னர் சுப்பராயன் அமைச்சரவையில் முத்தையா முதலியார் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். இந்திய அரசியலமைப்புத் தாளில், அந்த அரசாணையை எதிர்த்த செண்பகம் துரைராஜன் வழக்கு என்று வேறோர் அலகில் வரும். இரண்டும் ஒரே கதை என்பது பல மாணவர்களுக்குக் கடைசி வரை தெரிவதே இல்லை.

சேர்த்துப் படித்துப் பாருங்கள். முத்தையா முதலியார் காலத்தில் அரசு வேலைகளுக்கான சுழற்சி 12 இடங்கள்: பிராமணரல்லாதார் 5, பிராமணர் 2, முஸ்லிம் 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறித்தவர் 2, ஒடுக்கப்பட்ட வகுப்பினர் 1. 1951-இல் செண்பகம் வழக்கின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எடுத்துக்காட்டும் கல்லூரி இடக் கணக்கு 14: பிராமணரல்லாத இந்துக்கள் 6, பிற்பட்ட இந்துக்கள் 2, பிராமணர் 2, அரிஜனங்கள் 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறித்தவர் 1, முஸ்லிம் 1. வேலைக்கான கணக்கும் கல்லூரிக்கான கணக்கும் வேறு என்பதை மறக்காமல் இரண்டையும் அருகருகே வைத்தால் கேள்விகள் தாமாக எழும். "பிற்பட்ட இந்துக்கள்" என்ற தனிப்பிரிவு எப்படி உள்ளே வந்தது? முஸ்லிம் பங்கு ஏன் குறைந்தது? இவை வரலாற்றுக் கேள்விகள்.

அரசியல் அறிவியலின் கேள்வி வேறு. அந்த அரசாணை, மதம், சாதி போன்ற காரணத்தால் மட்டும் அரசுக் கல்லூரியில் இடம் மறுக்கக் கூடாது என்னும் அரசியலமைப்பின் 29(2)-ஆம் பிரிவுக்கு முரண் என்று ஏழு நீதிபதிகள் அமர்வு 1951 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. நலிந்தோரின் கல்வி நலனைப் பேசும் 46-ஆம் பிரிவைச் சென்னை மாநில அரசு துணைக்கு அழைத்தது. 46 போன்ற வழிகாட்டு நெறிகள் (அரசு பின்பற்ற வேண்டிய, ஆனால் நீதிமன்றம் வழியாகக் கட்டாயப்படுத்த முடியாத கொள்கைகள்) அடிப்படை உரிமைகளுக்குக் கீழ்ப்பட்டவை என்றது நீதிமன்றம். அதே ஆண்டு ஜூனில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து, பிற்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசுக்கு வழிவிடும் 15(4) பிறந்தது. அடிப்படை உரிமைக்கும் வழிகாட்டு நெறிக்கும் நடந்த இழுபறி, 1973-இன் கேசவானந்த பாரதி, 1980-இன் மினர்வா மில்ஸ் ஆகிய உச்ச நீதிமன்ற வழக்குகள் என்று போகிறது. இதைப் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதுகிறவரும் "முதல் திருத்தம் 1951" என்று ஒரு வரியை மனப்பாடம் செய்தவரும் ஒரே தாளைப் படித்தவர்கள் அல்ல. அந்தத் தீர்ப்பு சில பக்கங்கள்தான், இணையத்தில் இலவசம். மனுதாரர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை என்ற செய்தியும் அதற்குள்ளேயே இருக்கிறது. எந்தக் கைடிலும் பார்க்க முடியாது.

1935-இன் இந்திய அரசுச் சட்டத்தையும் இப்படியே படியுங்கள். அதன் 93-ஆம் பிரிவின் கீழ்தான் 1939-இல் ராஜாஜி அமைச்சரவை விலகிய பிறகு 1946 வரை சென்னையில் கவர்னர் ஆட்சி நடந்தது. மாநிலத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சிக்கு வழிசெய்யும் இன்றைய 356-ஆம் பிரிவுக்கு முன்னோடி அதுதான். அந்த 356-க்கு வரம்பு வகுத்த 1994-இன் பொம்மை வழக்கை அதோடு சேர்த்துப் படித்தால் இரண்டு தாளுக்கும் ஒரே நோட்ஸ் போதும்.

விடைத்தாளில் அதிகம் கெடுவது, ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்கும் விதிகளைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள். "சோழர் காலத்திலேயே மக்களாட்சி இருந்தது" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். முதலாம் பராந்தகன் காலத்து இரண்டு கல்வெட்டுகள், 919, 921. சபையின் வாரியங்களில் (குழுக்களில்) இடம்பெற முதலாவது 30 முதல் 60 வயது என்கிறது, இரண்டாவது 35 முதல் 70. கால் வேலிக்கு (வேலி பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி எல்லாம் வேண்டும். ஒழுங்காகக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்க முடியாது. இது பிராமணச் சபை. வாரியங்களுக்கு ஆள் எடுத்தது வாக்கெடுப்பால் அல்ல, குடத்தில் பெயர்களைப் போட்டுக் குலுக்கி எடுக்கும் குடவோலைச் சீட்டால். இதைச் சொல்லிவிட்டு, மக்களாட்சி என்றால் யாருடைய ஆட்சி, குலுக்கலும் தேர்தலும் ஒன்றா என்று கேட்டால் அது அரசியல் அறிவியல். அங்கிருந்து 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் நடந்த கிராமப் பஞ்சாயத்து விவாதத்துக்குப் போகலாம். நவம்பர் 4 உரையில் அம்பேத்கர் கிராமத்தைக் கடுமையாக விமர்சித்தார். அதே மாதம் சென்னையைச் சேர்ந்த கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தம்தான், கிராமப் பஞ்சாயத்துகளை அமைக்கச் சொல்லும் இன்றைய 40-ஆம் பிரிவு. பஞ்சாயத்துகளுக்கு அரசியலமைப்புத் தகுதி தந்த 1992-இன் 73-ஆவது திருத்தம் வரை கோடு நேராகப் போகும். விவாதத் தொகுதிகள் பன்னிரண்டையும் யாரும் படிக்கச் சொல்லவில்லை, ஒரு பிரிவின் விவாதம் போதும்.

அடிப்படை பலவீனமாக இருந்தால் வெட்கப்படாமல் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் 11, 12-ஆம் வகுப்பு வரலாறு, அரசியல் அறிவியல் நூல்களை முதல் செமஸ்டர் விடுமுறைக்குள் முடித்துவிடுங்கள். பக்கத்தில் அரசியலமைப்புச் சட்டத்தின் மூல நூல் இருக்கட்டும். உரை நூல் சொல்வதைப் பிரிவைத் திறந்து சரிபார்க்கும் பழக்கம் வந்துவிட்டால், கைடில் எத்தனை எண்கள் தப்பாக அச்சாகின்றன என்று தெரியும்.

தேர்வு. வழக்கமான வினாத்தாள்: இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 5, பத்து மதிப்பெண் 3. மூன்று மணி நேரத்தில் முறையே 30, 60, 75 நிமிடம் ஒதுக்கினால் கால் மணி நேரம் மிஞ்சும். பலர் இரண்டு மதிப்பெண் வினாவுக்கு அரைப் பக்கம் எழுதிவிட்டுக் கடைசிப் பத்து மதிப்பெண்ணைப் பத்து நிமிடத்தில் கிறுக்குகிறார்கள். அடுத்த தவறு, "மதிப்பிடுக" என்று கேட்டாலும் "விவரி" என்று கேட்டாலும் ஒரே விடை. மதிப்பிடச் சொன்னால் உங்கள் தீர்ப்பு முதல் பத்தியிலேயே வர வேண்டும், நிகழ்ச்சிகள் அதற்குச் சான்றாக வரட்டும். பிளேட்டோவின் நீதிக் கோட்பாடு கேட்டால் பிறப்பு, குடும்பம், ஏதென்ஸின் அழகு என்று ஒரு பக்கம் ஓட்டுவதும் வேண்டாம். திருத்துகிறவர் அந்தப் பக்கத்தைக் கண்ணாலேயே தாண்டிவிடுவார். உலக வரலாற்றுக்கு ஆண்டு வரிசைப் பட்டியலும் நாலு வரைபடமும் இருந்தால் சமாளித்துவிடலாம்.

உங்கள் கல்லூரியில் இறுதியாண்டு ப்ராஜெக்ட் இருந்தால் தலைப்பைச் சுருக்குங்கள். "இந்தியாவில் பெண்களின் நிலை" என்பது ப்ராஜெக்ட் அல்ல, பேச்சுப்போட்டித் தலைப்பு. உங்கள் ஊர்க் கோயிலில் பதிப்பிக்கப்பட்ட கல்வெட்டு, ஒரு நகராட்சி, ஒரு சட்டமன்றத் தொகுதி, இப்படி ஒன்று போதும். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இருக்கின்றன. துறைத் தலைவரின் கடிதத்தோடு போங்கள், அலைச்சல் மிச்சம். தேர்தல் எடுத்தால் 1951-52 முதலான புள்ளிவிவர அறிக்கைகள் தேர்தல் ஆணைய இணையதளத்தில் கிடைக்கும். சமீபத்திய தேர்தல்களுக்கு வாக்குச்சாவடி வாரியான கணக்கு படிவம் 20-இல் உண்டு. ஆனால் 2006 முடிவையும் 2011 முடிவையும் தொகுதிப் பெயரை மட்டும் பார்த்து ஒப்பிடாதீர்கள். இடையில் 2008-இல் தொகுதி மறுவரையறை வந்துவிட்டது. பெயர் அதேதான், எல்லையும் வாக்காளர்களும் வேறு. வாய்மொழித் தேர்வில் இந்த ஒரு கேள்வியிலேயே பலர் மாட்டிக்கொள்வார்கள்.

கடைசியாக, பாடத்திட்டத்தில் எங்கும் எழுதியிருக்காத ஒன்று. பட்டத்தின் பெயரை இப்போதே பாருங்கள். வெறும் "வரலாறு" என்றிருந்தால் சிக்கல் இல்லை. "வரலாறும் சுற்றுலாவும்" போல இரட்டைப் பெயர் இருந்தால், ஆசிரியர் தேர்வு வாரியம் கேட்கும் பட்டத்துக்கு அது இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்று அலுவலகத்தில் கேட்டு அந்த எண்ணைக் குறித்துவையுங்கள். சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் நின்றுகொண்டு இணைத்தன்மை தேட முடியாது. தமிழ் வழியில் படிப்பவர்கள் அரசு வேலையில் 20 சதவீத இட ஒதுக்கீட்டுக்கான சான்றைப் பள்ளி, கல்லூரி இரண்டிலும் வாங்க வேண்டும். அந்த ஒதுக்கீட்டுச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு பட்டப்படிப்பை மட்டும் தமிழில் படித்திருந்தால் போதாது.