கண்ணாடிக்குள் ஆவி

அன்புள்ள அண்ணனுக்கு,

இரண்டு வருடமாக ஒரு ரோலக்ஸ் சப்மரீனர் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஃபர்ஸ்ட் காப்பிதான், உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. கறுப்பு டயல், டயலைச் சுற்றிக் கறுப்பு செராமிக் வளையம் (பெசல்), தேதியோடு வரும் 40 மி.மீ. மாடல். உள்ளே ஈட்டா 2836 என்ற சுவிஸ் மெஷினின் காப்பி என்று விற்றவர் சொன்னார். தேதி எழுத்து ஒரிஜினலைவிடத் தடிமன், ஜன்னலின் நடுவில் நிற்காமல் இடப்பக்கம் ஒதுங்கி நிற்கிறது. மேலே உள்ள லென்ஸும் ஒரிஜினல் அளவுக்குப் பெரிதாகக் காட்டவில்லை. தினமும் 40 நொடி முந்துகிறது. பக்கவாட்டில் உள்ள சாவியைத் திருகி மூடும்போது சில சமயம் பிடிக்காமல் வழுக்குகிறது. போன மாதம் எங்கள் கட்டடத்து நீச்சல் குளத்தில் இறங்கினேன். மறுநாள் வெயிலிலிருந்து ஏசி அறைக்குள் நுழைந்ததும் கண்ணாடிக்குள் லேசாக ஆவி படிந்தது. அரை மணியில் தானாகப் போய்விட்டது. பழுதுபார்க்கும் கடையில் காட்டினேன் (காப்பி என்று சொல்லவில்லை). "கை வீசி நீந்தினால் அழுத்தம் பல மடங்கு ஏறும், அதனால்தான்" என்றார். டயலில் 300 மீட்டர் போட்டிருக்கிறதே, அடுத்த வாரம் கோர்ஃபக்கான் கடலில் ஸ்நார்க்கலிங் போகும்போது கட்டிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். என் கேள்வி: நல்ல தேதி வட்டும் கண்ணாடியும் வாங்கிப் போட்டால் ஒரிஜினல் மாதிரி ஆகிவிடுமா?

பெயர் வேண்டாம், ஷார்ஜா

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கேள்வி கடிதத்தின் கடைசி வரியில் இருக்கிறது, விஷயமோ நடுவில் கிடக்கிறது. டயலில் அச்சடித்த மீட்டர் கணக்கை ஜனங்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று சில நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே தேதி கொஞ்சம் காத்திருக்கட்டும்.

"தானாகப் போய்விட்டது" என்கிறீர்கள். எங்கே போனது? வெளியே போக வழி இருந்தால், உள்ளே வரவும் அதுதான் வழி. உண்மையில் அது எங்கும் போகவில்லை. ஏசி அறையில் கண்ணாடி குளிர்ந்தபோது உள்காற்றின் ஈரம் அதன் அடியில் படிந்தது. கை சூட்டில் வெப்பம் சமமானதும் மறுபடி காற்றில் கலந்துகொண்டது. அடுத்த முறை குளிர்ந்தால் மறுபடி தெரியும். நடுவில் உள்ள நேரமெல்லாம் அது சாவித் தண்டிலும், அதைப் பிடித்திருக்கும் சிறு ஸ்பிரிங்கிலும், திருகுகளின் தலையிலும் உட்கார்ந்து துருப்பிடிக்க வைத்துக்கொண்டிருக்கும். துரு அந்த இடத்தோடு நிற்பதில்லை. அதன் பொடி உதிர்ந்து கல் துளைகளுக்குள் போனால் மெஷின் அரைபடும். ஒரு மாதம் ஆகியிருக்கிறது. சும்மா இருந்திருக்கிறீர்கள்.

சந்தேகம் இருந்தால் இன்று இரவே பாருங்கள். முக்குளிப்பு வாட்ச்சுகளுக்கான ஐஎஸ்ஓ 6425 தரத்தில் இருக்கும் சோதனைதான், வீட்டிலும் செய்யலாம். வாட்ச்சை 40 முதல் 45 டிகிரி வரை சூடாக்க வேண்டும். வெதுவெதுப்பான தட்டின் மேல் பத்து இருபது நிமிடம் வைத்தால் போதும், அடுப்புப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். கண்ணாடி மேல் ஒரு சொட்டுக் குளிர்ந்த நீர் விடுங்கள். ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துவிட்டு, அந்தச் சொட்டு இருந்த இடத்தை விளக்கடியில் சாய்த்துப் பாருங்கள். உள்பக்கம் ஒரு வட்டப் பனி தெரிந்தால் ஈரம் உள்ளேதான் இருக்கிறது.

தெரிந்தால் அன்றைக்கே பின்மூடியைத் திறந்து உலர்த்த வேண்டும். கடை மூடியிருந்தால் சாவியைத் திறக்கும் திசையில் திருகி, வெளியே இழுத்துவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் ஐந்தாறு சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போட்டு வையுங்கள். அரிசி டப்பாவில் புதைக்கச் சொல்வார்கள், தவிடுதான் உள்ளே போகும். ஹேர் டிரையர் பிடித்தால் ஈரம் ஆவியாகி இன்னும் உள்ளே ஏறும். இதெல்லாம் குளத்து நீருக்கு. கடல்நீர் புகுந்தால் உப்பு உங்களுக்கு ஒரு மாதம் தவணை தராது.

இனி அந்த 300 மீட்டர். ரோலக்ஸ் 1953இல் முதல் சப்மரீனரைக் கொண்டுவந்தபோது அது 100 மீட்டருக்கானது. இன்று அவர்கள் 300 என்று எழுதுகிறார்கள் என்றால், கடைக்கு வரும் ஒவ்வொரு வாட்ச்சும் தொட்டிக்குள் அதைவிடக் கால் பங்கு கூடுதல் அழுத்தத்தைத் தாங்கிவிட்டு வந்திருக்கிறது என்று அர்த்தம். உங்கள் டயலில் இருக்கும் 300, அச்சு மை. சாவியில் கிரீடத்துக்குக் கீழே மூன்று புள்ளி இருக்கிறதல்லவா? ரோலக்ஸில் அது 1970இல் வந்த டிரிப்லாக் என்ற மூன்றடுக்கு நீர்த்தடுப்பு அடைப்பின் அடையாளம். காப்பியில் புள்ளியைச் செதுக்கிவிட்டு உள்ளே ஒரே ஒரு ரப்பர் ரிங் போட்டு அனுப்புகிறவர்களும் உண்டு. ஒய்யாரக் கொண்டையாம் தாழம்பூவாம், உள்ளே இருப்பது ஈரும் பேனும்.

கடைக்காரர் சொன்ன கை வீச்சுக் கதையைச் சும்மா விட முடியாது. எத்தனை பேர் எத்தனை வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்! கணக்குப் போட்டுப் பார்ப்போம். தண்ணீரில் கை நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். அதுவே அசுர வேகம். அதனால் கூடும் அழுத்தம் 0.125 பார். 10 மீட்டர் ஆழத்துக்குச் சுமார் 1 பார் என்பதால், இது ஒன்றேகால் மீட்டர் ஆழம் கூடியதற்குச் சமம். அவ்வளவுதான். 300 மீட்டர் தாங்கும் வாட்ச் இதற்கா மூச்சுத் திணறும்?

அப்படியானால் ஒன்றரை மீட்டர் குளத்தில் எப்படிப் புகுந்தது? இரண்டு காரணம். நீங்கள் வெயிலில் நின்றுவிட்டு இறங்கியிருப்பீர்கள். வாட்ச் 50 டிகிரி, தண்ணீர் 28 டிகிரி என்றால் உள்ளே அடைபட்ட காற்று குளிர்ந்து அதன் அழுத்தம் ஏறக்குறைய 7 சதவீதம் குறையும். அது 70 சென்டிமீட்டர் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமம். அடைப்பு பழுதாக இருந்தால் வாட்ச்சே தண்ணீரை உறிஞ்சிக் குடிக்கும். இரண்டாவது காரணம் ரப்பர் ரிங்கின் குணம். ஆழத்தில் அழுத்தம் ஏற ஏற ரிங் தன் பள்ளத்தின் சுவரோடு இன்னும் இறுகி ஒட்டும், குறைந்த அழுத்தத்தில்தான் சோம்பலாக இருக்கும். காய்ந்துபோன, அளவு தவறிய ரிங் 10 பாரில் பிடித்துக்கொண்டு, குளத்தின் ஓரத்தில் கைவிடும். ஆகவே "10 பாரில் பாஸ்" என்ற சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். முதலில் வெற்றிடத்திலும் குறைந்த அழுத்தத்திலும் தண்ணீர் இல்லாமல் காற்றால் செய்யும் ஒரு ட்ரை டெஸ்ட், பிறகுதான் கூடுதல் அழுத்தம்.

தண்ணீர் வர மூன்று வாசல்: சாவி, பின்மூடி, கண்ணாடி.

சாவிதான் உங்கள் ஆள் என்று நினைக்கிறேன், வழுக்குகிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். மூடும்போது லேசாக அழுத்தி, முதலில் இடப்பக்கம், அதாவது திறக்கும் திசையில், மெல்லச் சுற்ற வேண்டும். ஓரிடத்தில் மரை பொருந்தி 'டிக்' என்று விழும். அங்கிருந்து வலப்பக்கம் திருகினால் வெண்ணெய் போல ஓடும். இப்படிச் செய்யாமல் நேராக அழுத்தித் திருகினால் மரை கோணலாக ஏறி, நாளடைவில் தேய்ந்து வழுக்கும். நின்ற பிறகும் பலம் போட்டு இறுக்குவது அடுத்த தப்பு, ரிங் நசுங்கிப் போகும். மரை தேய்ந்திருந்தால் சாவியையும் அது திருகி உட்காரும் குழாயையும் ஜோடியாக மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் தேய்ந்தது புதியதையும் தின்றுவிடும். ஒரிஜினல் குழாய் வாங்கிப் போடுகிறேன் என்று கிளம்பாதீர்கள். காப்பியின் மரை செய்தவர் இஷ்டம், கேஸில் உள்ள துளையை அளக்காமல் எதையும் வாங்கக் கூடாது. தண்டு மெஷினைச் சேர்ந்தது. ஈட்டா வகைக்கு 0.90 மி.மீ. மரை. குழாய் கேஸோடு சேரும் இடமும் கசியும். அங்கே திருகுப் பசை தடவாமலே பூட்டியிருப்பார்கள்.

பின்மூடி சுலபம். ரிங்கைக் கழற்றி, பள்ளத்தை மரக்குச்சியால் சுத்தம் செய்து, உள்விட்டமும் தடிமனும் சரியான புது ரிங் போட வேண்டும். தடிமனில் 0.1 மி.மீ. தவறினால் ஒன்று நசுங்காது, இல்லை பள்ளத்தை விட்டுப் பிதுங்கி மூடும்போது கத்தரிபடும். சிலிகான் கிரீஸை விரலில் உணர முடியாத அளவு மெலிதாகத் தடவினால் போதும். வாஸ்லின் வேண்டாம்.

மூன்றாவது வாசலைத்தான் நீங்கள் சொந்தக் காசில் திறக்கப் பார்க்கிறீர்கள். ஒரிஜினல் லென்ஸ் இரண்டரை மடங்கு பெரிதாக்கும், உங்களுடையது அதற்குக் குறைவு. அதற்காகக் கண்ணாடியை மாற்ற வேண்டுமானால் பெசலை நெம்பி எடுத்து, பிடிவளையத்தைக் கழற்றி, கண்ணாடியைச் சுற்றியுள்ள வெள்ளைப் பிளாஸ்டிக் ரிங்கைப் பிடுங்க வேண்டும். அந்த ரிங் ஒருமுறை அழுத்தி உட்கார்ந்துவிட்டால் மறுபடி பழைய வடிவத்துக்கு வராது. புதுக் கண்ணாடியை அச்சில் நேராக வைத்து அழுத்தாவிட்டால் ஒரு பக்கம் விரியும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, லென்ஸ் அழகாக இருக்கும்.

இந்த வாட்ச்சுகளோடு குடித்தனம் நடத்துகிறவர்கள் எல்லோரும் செய்யும் பிழை இதுதான். எழுத்து தடிமன், பெசலின் புள்ளி நீலமா பச்சையா, முள் நுனி எத்தனை இழை குட்டை என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒருமுறை கேஸைத் திறப்பார்கள். திறந்த ஒவ்வொரு முறையும் அடைப்பு போகும், தூசி புகும். வருட முடிவில் படத்தில் ஒரிஜினல் மாதிரி இருக்கும், மழையில் நனைந்தால் நின்றுவிடும். அடைப்பு முதலில், மெஷின் அடுத்து, அழகு கடைசியில்.

40 நொடி பெரிய விஷயமில்லை. ஃபோன் ஸ்பீக்கர், டேப்லட் உறை, இவற்றின் காந்தம் ஏறியிருக்கலாம். திசைகாட்டி பக்கத்தில் வைத்து அசைகிறதா பாருங்கள், அசைந்தால் காந்தம் இறக்கும் கருவியில் சில நொடி வேலை. இல்லையென்றால் வாட்ச்சின் ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபர் கருவி வைத்திருப்பவரிடம் லிஃப்ட் ஆங்கிள் 50 என்று சொல்லிப் போடச் சொல்லுங்கள். மணிக்கு அதிர்வு 28,800 காட்ட வேண்டும். 21,600 காட்டினால் விற்றவர் பொய் சொல்லியிருக்கிறார். முழுச் சாவி கொடுத்துப் படுக்க வைத்தால் ஆம்ப்ளிட்யூட், அதாவது உள்ளே ஆடும் சக்கரத்தின் வீச்சு, 270 டிகிரிக்கு மேல் நிற்பது நல்லது. 220க்குக் கீழே போனால் உள்ளே எண்ணெய் இல்லை, அல்லது அழுக்கு. அந்த நிலையில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரைத் தள்ளி நேரத்தைச் சரிசெய்வது காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உடைப்பது போல. கையால் சாவி கொடுக்கும்போது உள்ளே ரோட்டர் (கை அசைவில் தானாகச் சாவி கொடுக்கும் எடைத்தட்டு) காற்றாடி மாதிரி சுற்றினால் அதோடு சேர்ந்த ரிவர்சிங் சக்கரங்கள் காய்ந்துவிட்டன, உடனே நிறுத்துங்கள். செயின் திருகுகளுக்கு லாக்டைட் 222 என்ற திருகுப் பசை ஒரு சொட்டு, கழன்று விழாது.

கடையில் காப்பி என்று சொல்லாமல் கொடுத்தது தப்பு. வெட்கம் உங்களுடையது, ஆபத்து அவருடையது. திறந்தபின் தெரிந்தால், ஒரிஜினலை நடுவில் மாற்றிவிட்டாயா என்ற பேச்சு அவர் தலையில்தான் விழும். முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். தொட மாட்டேன் என்றால் கோபிக்காமல் நன்றி சொல்லிவிட்டு வேறு ஆளைத் தேடுங்கள். நாளைக்கு இதை யாருக்கும் விற்காதீர்கள், காப்பி என்று சொல்லிக்கூட.

கோர்ஃபக்கானுக்கு இதைக் கட்டிக்கொண்டு போகக் கூடாது. சோதனையில் தேறினாலும் சொல்வேன். 200 மீட்டர் கேசியோ டூரோ ஒன்று வாங்கிக் கட்டுங்கள். மீனுக்கு பிராண்டு தெரியாது.

செய்ய வேண்டியது இது. மெஷின், டயல், முள் எல்லாவற்றையும் வெளியே எடுக்கச் சொல்லுங்கள். சாவி, குழாய், ரிங்குகளை மாற்றி வெறும் கேஸை மூடச் சொல்லுங்கள். திருகு சாவி என்பதால் மெஷின் இல்லாமலே பூட்டி நிற்கும். பிறகு வெட் டெஸ்ட்: தண்ணீருக்கு மேலே தொங்கவிட்டுக் காற்றழுத்தம் ஏற்றி, சில நிமிடம் பொறுத்து, தண்ணீரில் இறக்கி, அழுத்தத்தை மெல்ல விட வேண்டும். குமிழி எங்கிருந்து வருகிறதோ அதுதான் ஓட்டை. வெறும் கேஸ் என்பதால் நனைந்தாலும் நஷ்டமில்லை.

அப்படி மெஷின் மேசை மேல் கிடக்கும் அந்த நாளில், அந்தத் தேதி வட்டை மாற்றிக்கொள்ளுங்கள். இந்தக் காப்பிகளில் பெரும்பாலும் மெஷினின் சொந்த வட்டு மேல் இன்னொரு வட்டை ஒட்டியிருப்பார்கள், ஒட்டியது விலகியதால்தான் எண் ஒதுங்கி நிற்கிறது. புதியதைப் பசை குறைவாக, மட்டமாக ஒட்ட வேண்டும். மேடு இருந்தால் டயலின் அடியில் உரசி நள்ளிரவில் தேதி பாதியில் நிற்கும். முள் பூட்டுவதற்கு முன் 31 தேதியையும் ஒரு சுற்று ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதற்கென்று இன்னொரு முறை திறக்க வேண்டாம்.