1986-இன் கீபோர்டு ஒலி – வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கக் கிறிஸ்தவப் பாடகர் ரிச் மல்லின்ஸ் பற்றி நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அவரைக் கேட்க ஆரம்பித்தேன். 1993-இல் வந்த 'எ லிட்டர்ஜி, எ லெகசி அண்ட் எ ராகமஃபின் பேண்ட்' என்னை அப்படியே உட்கார வைத்துவிட்டது. அந்த ஆர்வத்தில் பின்னோக்கிப் போய், அவர் பெயரிலேயே 1986-இல் வந்த முதல் ஆல்பத்தைப் போட்டேன். ஐயோ! அறையே அதிரும் டிரம்ஸ், பளபளவென்று ஒரு கீபோர்டு. பழைய ஏரோபிக்ஸ் வீடியோ பார்ப்பதுபோல இருந்தது. இப்படி ஒரு பாடலாசிரியரை நாஷ்வில் நகரத்து இசைக் கம்பெனிக்காரர்கள் விற்பனைக்காகச் சிதைத்துவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். ரீமாஸ்டர் செய்தால் இது சரியாகுமா? இல்லை, இந்த ஆல்பத்தை விட்டுவிடலாமா?

எஸ்., பாளையங்கோட்டை

அன்புள்ள எஸ்.,

விட்டுவிட வேண்டாம். ஆனால் கம்பெனிக்காரர்கள்மேல் பழி போடும் முன் இரண்டு ஆல்பங்களிலும் தயாரிப்பாளர் பெயரைப் பாருங்கள். 1986 ஆல்பத்தைத் தயாரித்தவர் ரீட் ஆர்வின். உங்களை உட்கார வைத்த 1993 ஆல்பத்தையும் அவர்தான் தயாரித்தார். (பின்னாளில் அவர் குற்றப் புனைவு எழுதப் போய்விட்டார், அது தனிக்கதை.) பாடியவரும் தயாரித்தவரும் அதே ஆட்கள்தான். ஆகவே, நல்ல கலைஞனைக் கெட்ட வியாபாரி கெடுத்தான் என்ற கதை இங்கே அவ்வளவு எளிதாக ஒட்டாது.

அந்த வருடத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மல்லின்ஸ் பாடகராக அறியப்படும் முன்பே பாடலாசிரியராக அறியப்பட்டுவிட்டார். அவர் எழுதிய 'சிங் யுவர் பிரைஸ் டு த லார்ட்' பாடலை கிறிஸ்தவப் பாடகி ஏமி கிராண்ட் 1982-இல் 'ஏஜ் டு ஏஜ்' ஆல்பத்தில் பாடினார். செவ்வியல் இசைமேதை பாக்கின் சி மைனர் ஃபியூக் (ஒரே மெட்டைப் பல குரல்கள் துரத்திப் பாடும் வடிவம்) ஒன்றை முகப்பில் வைத்துத் தொடங்கும் பாட்டு அது. அந்த ஆல்பம் அமெரிக்காவில் பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டி பிளாட்டினம் வாங்கியது. பிறகு 1985-இல் கிராண்டின் 'ஃபைண்ட் எ வே' பில்போர்டு பத்திரிகையின் பொதுப் பாப் பட்டியலில் 29-ஆம் இடம் வரை போனது. 1986 டிசம்பரில் பாப் பாடகர் பீட்டர் செடெராவுடன் அவர் பாடிய காதல் பாட்டு முதலிடத்துக்கே வந்தது. தேவாலயத்திலிருந்து வந்த ஒரு பெண் பாப் வானொலியில் உட்கார்ந்துவிட்டாள் என்று நாஷ்வில்லில் எல்லோருக்கும் தலை சுற்றிக்கொண்டிருந்த காலம். மல்லின்ஸின் கம்பெனியான ரீயூனியன் ரெக்கார்ட்ஸைத் தொடங்கியவர்களும் கிராண்டின் மேலாளர்களான பிளாண்டனும் ஹாரெலும்தான். அந்தச் சூழ்நிலையில் ஒரு புதுப் பாடகரின் முதல் ஆல்பம் வேறு எப்படி ஒலித்திருக்கும்?

அப்புறம் அந்தக் கீபோர்டு. யமஹா டிஎக்ஸ்7 என்ற சிந்தசைசர் 1983-இல் சந்தைக்கு வந்தது. அதில் கம்பெனியே நிரப்பிக்கொடுத்த எலெக்ட்ரிக் பியானோ ஒலியை உலகத்தில் பாதிப் பேர் அப்படியே எடுத்துப் பயன்படுத்தினார்கள். நீங்கள் சொல்லும் அதிரும் டிரம்ஸ், ஆங்கில ராக் இசைக்காரர்களான பீட்டர் கேப்ரியலும் ஃபில் காலின்ஸும் 1980, 81 வாக்கில் லண்டனில் கண்டுபிடித்த வித்தையின் வாரிசு. டிரம்மின் எதிரொலியை நன்றாகப் பெருக்கி, அது தானாக அடங்குவதற்குள் சட்டென்று வெட்டிவிடுவார்கள். இயற்கையில் எந்த அறையும் இப்படி ஒலிக்காது, அதனால்தான் அன்றைக்குக் காது நிமிர்ந்தது. ஐந்தாறு வருடத்தில் எல்லா ஸ்டூடியோவிலும் அதுவே வழக்கமானபோது அலுத்தும் போனது.

இன்னொன்று. 1986-இல்தான் 'புன்னகை மன்னன்' வந்தது. கணினியையும் சிந்தசைசரையும் வைத்து இளையராஜா செய்த அந்த இசை ஏறக்குறைய இதே தலைமுறைக் கருவிகளில் பிறந்தது. அதைக் கேட்டு நீங்கள் 'ஐயோ' என்று சொன்னதில்லை என்று நினைக்கிறேன். நானும் சொன்னதில்லை. நம் சபைகளில் இன்றும் ஞாயிறு காலையில் கீபோர்டின் ரிதம் பொத்தானை அமுக்கிவிட்டுத்தான் பாட்டு தொடங்குகிறது. ஒலி பழையது என்பது மட்டும் நமக்குத் தொந்தரவாக இருந்திருந்தால் இவை எல்லாவற்றிலும் தொந்தரவு வந்திருக்க வேண்டும். ஆக, கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

என் காதுக்கு அது தாளத்தில் இருக்கிறது. மல்லின்ஸின் வரிகள் நீளமானவை. ஒரு பொருளைச் சொல்லி, அதோடு இன்னொன்றை அடுக்கி, மூச்சு தீரும் இடத்தில் சட்டென்று ஒரு சின்ன வாக்கியத்தில் இறங்குவார். பேசுகிறவனின் நடை அது. பியானோவில் தனியாக உட்கார்ந்தால் வரிக்கேற்ப நீட்டவும் நிறுத்தவும் முடியும். எண்பதுகளின் பாப் தயாரிப்போ ஒவ்வொரு அடியையும் ஒரே அளவில் வெட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. வார்த்தைகள் அந்தக் கட்டத்துக்குள் நுழைய இடித்துக்கொள்கின்றன. 'எ ஃப்யூ குட் மென்' போன்ற வேகமான பாட்டுகளில் இது நன்றாகவே தெரியும். அந்தத் தலைப்பே அமெரிக்க மரைன் படையின் ஆள்சேர்ப்பு விளம்பர வாசகம். அந்த மிடுக்கு அவருக்குப் பொருந்தவே இல்லை. அதை நீங்கள் தாண்டிப் போகலாம், குற்றமில்லை.

'எலைஜா'வைத் தாண்டிப் போகாதீர்கள். இந்த ஆல்பத்தை வைத்திருக்க அந்த ஒரு பாட்டு போதும். சாகப்போகிற ஒருவன் கடைசியாக ஒன்றைக் கேட்கிறான்: எலியா தீர்க்கதரிசி போனதுபோல, சுழல்காற்றில், அக்கினி ரதத்தில் போக வேண்டும். யோர்தான், ரதம் எல்லாம் இரண்டாம் ராஜாக்கள் புத்தகத்தின் இரண்டாம் அதிகாரம். பைபிள் வாசிக்கிற எவருக்கும் தெரியும். ஆனால் அதற்குள் வேறு இரண்டு சங்கதிகளை அவர் நுழைக்கிறார். தன் வாழ்க்கை ஒரு காலம் கல் நிலமாகவும் ஒரு காலம் முள் மண்டியும் கிடந்தது என்கிறார். விதைப்பவன் உவமையில் அந்த நிலங்கள் வேறு வேறு மனிதர்கள் என்றுதான் பிரசங்கத்தில் கேட்டிருப்போம். இங்கே எல்லா நிலமும் ஒரே ஆளுக்குள் இருக்கின்றன. அப்புறம், மேலே போய்த் திரும்பிப் பார்க்கும்போது நட்சத்திரங்கள் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஏற்றிய மெழுகுவத்தி வெளிச்சமாகத் தெரியும் என்கிறார். எனக்கு அங்கே 1980 டிசம்பரில் ஜான் லென்னனுக்காக அந்தப் பூங்காவில் திரண்ட கூட்டம் நினைவுக்கு வரும். வேதாகமத்தையும் மான்ஹாட்டனையும் ஒரே மூச்சில் வைக்க அன்றைய கிறிஸ்தவ பாப்பில் அதிகம் பேர் துணியவில்லை.

பிச்சைக்காரனாக உடுத்தினாலும் சரி, இளவரசனாக விருந்து வைத்தாலும் சரி, முன்னோர்களோடு புதைத்தாலும் சரி, சாம்பலைக் காற்றில் தூவினாலும் சரி என்று ஒரு நீண்ட அடுக்கு வரும். அது முடிந்து, எனக்கு ஒன்றுமில்லை என்கிற மாதிரி மூன்றே சொல்லில் விழும். அந்த விழுகையை எந்த டிரம்மாலும் கெடுக்க முடியவில்லை. பின்னால் எவ்வளவு கீபோர்டு மிதந்தாலும் காது அங்கேதான் போய் நிற்கிறது.

மல்லின்ஸ் 1997 செப்டம்பர் 19 அன்று இல்லினாய் மாநிலத்தில் சாலை விபத்தில் இறந்தார். வயது 41. அதற்கப்புறம் இந்தப் பாட்டைத் தீர்க்கதரிசனம் என்று சொல்லும் ரசிகர்கள் நிறைய. எனக்கு அந்த வாசிப்பு பிடிக்காது. ஆல்பம் வரும்போது அவருக்கு முப்பதுதான். இதயம் கிழடாகிக்கொண்டிருக்கிறது என்று முப்பது வயதுக்காரன் பாடுவதில் கொஞ்சம் நாடகமும் இருக்கிறது, உண்மையான களைப்பும் இருக்கிறது. அதை அந்த வயதின் பாட்டாகவே கேட்கலாமே.

சரி, 1993-க்கு வருவோம். நடுவில் என்ன நடந்தது? 1988-இல் அவர் கான்சாஸ் மாநிலத்து விசிடாவுக்குக் குடிபெயர்ந்தார், அங்கே ஃப்ரெண்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் இசை படித்தார். சந்தூரின் உறவான ஹாமர்ட் டல்சிமர் என்ற தந்திக் கருவி பாட்டுகளின் முன்னுக்கு வந்தது. 1991-இன் 'காலிங் அவுட் யுவர் நேம்' அந்தக் கருவியில்தான் தொடங்குகிறது, நெப்ராஸ்கா, டகோட்டா சமவெளிகளின் நீளத்துக்கு வரிகள் விரிகின்றன. பாட்டின் நடை கருவியைத் தேடிக்கொண்டது என்பேன்.

ஆனால் அந்த மரக்கருவி ஒலிக்குக் காலமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். எம்டிவியின் 'அன்பிளக்டு' நிகழ்ச்சி 1989-இல் தொடங்கியது. எரிக் கிளாப்டனின் 'அன்பிளக்டு' 1992. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மின்சாரம் இணைக்காத கிதார்தான் நேர்மையின் அடையாளம். மல்லின்ஸும் ஆர்வினும் அந்தக் காற்றில்தான் இருந்தார்கள். நமக்கு அந்த ஃபேஷன் இன்னும் உறுத்தவில்லை, அவ்வளவுதான்.

இன்னும் உள்ளே போக வேண்டுமானால் 'த ஜீசஸ் ரெக்கார்ட்' கேளுங்கள், 1998-இல் வந்தது. சாவதற்குச் சில நாட்கள் முன்பு, கைவிடப்பட்ட ஒரு பழைய தேவாலயத்தில் கேசட்டில் பாடி வைத்த மாதிரிப் பதிவுகள் ஒரு வட்டில். அதே பாட்டுகளை அவருடைய குழுவும் நண்பர்களும் முழு இசையோடு செய்தது இன்னொரு வட்டில். கேசட்டே உயர்ந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கும் அதுதான் பிடிக்கும், ஆனால் கேசட்டின் இரைச்சலை நாம் பக்தி என்று எண்ணிக்கொள்கிறோமோ என்ற சந்தேகமும் உண்டு.

உங்கள் ரீமாஸ்டர் கேள்விக்கு: உதவாது. ரீமாஸ்டர் என்பது கலந்து முடித்த பதிவின் சத்தத்தையும் கூர்மையையும் சரிசெய்வது மட்டும். டிரம்ஸும் குரலும் அங்கே ஏற்கெனவே ஒன்றாகிவிட்டன. டிரம்ஸை மாற்ற வேண்டுமானால் தனித்தனித் தடங்கள் உள்ள மூல நாடாவுக்குப் போய் மறுபடியும் கலக்க வேண்டும். அப்படிச் செய்தாலும் கட்டம்போட்ட தாளம் அப்படியேதான் இருக்கும், ஏனென்றால் குரல் அதற்குப் பிடித்துத்தான் பாடப்பட்டிருக்கிறது. ஒரே வழி மறுபடி பாடுவது. அதை மல்லின்ஸே செய்தார்: 1996-இல் வந்த 'சாங்ஸ்' என்ற தொகுப்புக்காக 'எலைஜா'வைப் புதிதாகப் பதிவு செய்தார். நீங்கள் கேட்கும் குறை எதுவும் அதில் இல்லை, நிதானமான, நன்றாக உட்கார்ந்த பாட்டு. முதலில் அதைக் கேட்டு வரிகளைப் பழகிக்கொண்டு, பிறகு 1986-க்குப் போங்கள்.

நான் திரும்பப் போவது 1986-க்குத்தான். தன்னைவிடப் பெரிய ஒலிக்கு எதிராக அவர் குரலைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது அங்கே. போய்ச் சேர்வதற்கு வழி கேட்கிற பாட்டில் எனக்கு அந்தத் தள்ளல் வேண்டும்.