ஓட்டுப் பள்ளிக்கூடமும் லெகோ கட்டைகளும்

கேள்வி: ஐயா, நான் கண்டனூர் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். நாட்டு ஓடு வேய்ந்த எங்கள் பழைய கட்டடத்தைக் கோடை விடுமுறையில் இடித்துவிட்டு கான்கிரீட்டில் கட்டப் போகிறார்கள். அதற்குள் பிள்ளைகளோடு சேர்ந்து லெகோ கட்டைகளில் அதன் மாதிரியைச் செய்து வைக்க ஆசை. முகப்பு 90 அடி, பின்னோக்கி 60 அடி, நடுவில் முற்றம். தம்பி பிள்ளைகள் விளையாடிய பழைய கட்டைகள் சிங்கப்பூரிலிருந்து வருகின்றன. எங்கே தொடங்குவது?

பதில்: டீச்சரம்மா, கட்டையைத் தொடாதீர்கள். முதலில் டேப்பை எடுங்கள், நாளைக்கே. எங்கள் வளவை, அதாவது பூர்வீக வீட்டை, நான் மாதிரியாகச் செய்ய நினைத்தபோது அதன் இரண்டாம் கட்டு (உள்பகுதி) விற்றுப் பிரித்துப் போய்விட்டிருந்தது. அங்கே எட்டுத் தூண் என்கிறேன் நான், பத்து என்கிறாள் என் அக்கா. ஐந்து வருடமாகியும் தீரவில்லை. உங்கள் தூண்கள் இன்னும் நிற்கின்றன. ஏணி வேண்டாம், உயரம் தெரிந்த ஒரு பையனைத் தூணை ஒட்டி நிறுத்திப் படம் எடுத்தால் கூரை உயரம் கணக்கில் வந்துவிடும்.

அளவுக்கு நான் சொல்வது ஒரே விதி: ஓர் அடிக்கு ஒரு குமிழ் (கட்டையின் மேல் துருத்தி நிற்கும் வட்டப் புடைப்பு). குமிழுக்குக் குமிழ் 8 மில்லிமீட்டர், ஆக ஏறக்குறைய 38-ல் ஒரு பங்கு. உங்கள் முகப்பு 72 சென்டிமீட்டர் வரும். 48 குமிழ் அடித்தட்டு நான்கை ஒரு பிளைவுட் பலகையில் சதுரமாக ஒட்டினால் 96-க்கு 96 குமிழ். பள்ளி போக முன்னால் 36 அடி மைதானம் மிஞ்சும், வேப்ப மரத்துக்கும் இடம் உண்டு. லெகோ பொம்மை மனிதன் 4 சென்டிமீட்டர். இந்த அளவில் 5 அடி, எட்டாம் வகுப்புப் பிள்ளை உயரம்.

உயரத்தில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். கட்டையின் உயரம் 8 அல்ல, 9.6 மில்லிமீட்டர். ஆகவே ஐந்து கட்டை அடுக்கினால் ஆறு குமிழ் நீளம், அதாவது 6 அடி. 12 அடித் தூணுக்குப் பத்து உருளைக் கட்டை. மெல்லிய தட்டுகள் மூன்று சேர்ந்தால் ஒரு கட்டை உயரம். இந்த விகிதக் கணக்கைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள், உங்கள் பாடம்தானே.

இன்னொன்று: 90 இரட்டைப்படை. நடுவாசல் 3 அடி என்றால் சரி நடுவில் உட்காராது. இரண்டு குமிழ் நீளத்தில் நடுவே ஒரே குமிழ் உள்ள சிறு தட்டு கிடைக்கும். அதன்மேல் வாசலை வைத்தால் அரைக் குமிழ் நகரும். வாசலை 4 அடியாக்கி ஏமாற்றாதீர்கள். அந்த வாசலில் நுழைந்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும்.

கூரைக்கு அநேகமாக 33 டிகிரி சரிவுக் கட்டைகள் பொருந்தும். முற்றம் இருப்பதால் ஓடு வெளியேயும் சாயும், உள்ளேயும் சாயும். வெளிமூலைக் கட்டைகளோடு உள்மூலைக் கட்டைகளும் வரிசைக்கு நான்கு வேண்டும். இதை மறந்துதான் நான் இரண்டு மாதம் காத்திருந்தேன். ஒரே சிவப்பாகப் போடாதீர்கள். மழை குடித்த ஓடு அப்படியா இருக்கிறது? கருஞ்சிவப்பும் செம்பழுப்பும் கலந்து, வரிசையில்லாமல் போடுங்கள். கூரையை இறுக்கி அமுக்காமல், நாலைந்து குமிழில் மட்டும் பிடிக்கும்படி வையுங்கள். தூக்கிப் பார்த்தால் வகுப்பறை தெரிய வேண்டும்.

தரைக்கு ஆத்தங்குடிக் கல் பதித்திருந்தால், குமிழ் இல்லாத வழவழப்பான ஒற்றைச் சதுரம் ஒரு கல்லுக்கு ஈடாகும். ஆனால் 8 அடி வராந்தா முகப்பு முழுக்க ஓடினால் 720 சதுரம்! நுழைவில் மட்டும் பூ வேலை செய்யுங்கள், மற்ற இடத்துக்குப் பெரிய தட்டு போதும்.

தம்பி அனுப்பும் கட்டைகள் பழையதே என்று தயங்க வேண்டாம், 1958-ல் லெகோ நிறுவனம் காப்புரிமை கேட்ட அதே பிடிப்புதான் இன்றைக்கும். ஆனால் வெள்ளைக் கட்டை வெயிலில் மஞ்சளாகும், சன்னலோரம் வைக்காதீர்கள். குறைவதை வாங்குமுன் பிரிக்லிங்க் ஸ்டுடியோ என்ற இலவச மென்பொருளில் முழுப் பள்ளியையும் கட்டிப் பாருங்கள். எந்தக் கட்டை, எந்த நிறம், எத்தனை என்ற பட்டியலை அதுவே தரும்.

மணியாகத் தொங்கும் தண்டவாளத் துண்டு இருந்தால் அதையும் அளந்துகொள்ளுங்கள். எல்லாம் எடுத்துவிட்டு மறுபடி எழுதுங்கள். சுவர் உச்சிக்கும் கூரை முகட்டுக்கும் எத்தனை அடி என்பதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். சரிவு 33-ஆ, 45-ஆ என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.