மூத்த படைப்பிரிவுக்கு ஏன் இரண்டாம் இடம்?

பிரிட்டிஷ் தரைப்படையில் இடையறாது பணியாற்றிவரும் மிகப் பழைய படைப்பிரிவான கோல்ட்ஸ்ட்ரீம் கார்ட்ஸ், பணிமூப்பு வரிசையில் ஏன் கிரெனேடியர் கார்ட்ஸ் என்ற மற்றொரு காவல் படைப்பிரிவுக்கு அடுத்து வருகிறது என்பது கேள்வி.

இங்கே படைப்பிரிவு (ரெஜிமெண்ட்) என்பது தனக்கென்று பெயரும் கொடியும் மரபும் கொண்டு, தலைமுறைகள் மாறினாலும் தொடரும் நிரந்தரப் படைப்பிரிவு. 1650-இல், மன்னராட்சியை வீழ்த்திய தரப்பின் தளபதி குரோம்வெல்லின் படையில், ஜார்ஜ் மாங்க் என்ற அதிகாரியின் தலைமையில் கோல்ட்ஸ்ட்ரீம் கார்ட்ஸ் உருவானபோது இங்கிலாந்தில் மன்னராட்சியே இல்லை. 1660 ஜனவரியில் மாங்க், ஸ்காட்லாந்து எல்லையிலுள்ள கோல்ட்ஸ்ட்ரீம் என்ற சிற்றூரிலிருந்து ட்வீட் ஆற்றைக் கடந்து லண்டனுக்குப் படை நடத்திச் சென்றார். இரண்டாம் சார்லஸ் அரியணை ஏற வழிவகுத்தது அந்த நடைதான். 1661 பிப்ரவரி 14 அன்று டவர் ஹில்லில் வீரர்கள் தங்கள் ஆயுதங்களைத் தரையில் வைத்துவிட்டு, மன்னரின் வீரர்களாக அவற்றையே மீண்டும் எடுத்துக்கொண்டனர். கிரெனேடியர் கார்ட்ஸோ 1656-இலேயே, நாடிழந்திருந்த சார்லஸுக்காக ப்ரூஜ் நகரில் திரட்டப்பட்டது.

தற்காலிகப் பணியில் பத்தாண்டு உழைத்தவருக்கும், பணி நிரந்தரமான நாளிலிருந்தே பணிமூப்பு கணக்கிடப்படுவதைப் போன்றது இது. கோல்ட்ஸ்ட்ரீம் வீரர்கள் இதை மனமார ஏற்றார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை: ‘எவருக்கும் இரண்டாமவர் அல்லர்’ என்று பொருள்படும் லத்தீன் தொடரே அவர்களின் முழக்கம். ஆனாலும் சிவப்புச் சீருடையைக் கூர்ந்து பார்த்தால், வரிசையில் இரண்டாமவர் என்பதற்கு அடையாளமாகப் பொத்தான்கள் இரண்டிரண்டாகவே தைக்கப்பட்டிருக்கும்.

கரடித்தோல் தொப்பியுடன் அரண்மனை வாசலில் நிற்பதால் இவர்களை வெறும் அலங்காரக் காவலர்கள் என்று பலர் எண்ணுவது தவறு. 1815-இல் நெப்போலியனுக்கு எதிரான வாட்டர்லூ போரில், பிரெஞ்சு வீரர்கள் உடைத்து நுழைந்த ஊகோமோன் பண்ணையின் வாயிற்கதவைத் தோள்கொடுத்துத் தள்ளி மூடியதில் முன்னின்ற இப்படைப்பிரிவினர், இன்றும் போர்முனைக்குச் செல்லும் காலாட்படையினரே.