சொல்பவர் நிறுத்திய பிறகு

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன மாதம் தோழி ஒருத்தி என்னைக் கான்ட்ரா என்ற அமெரிக்க நாட்டுப்புற நடனத்துக்குக் கூட்டிப்போனாள். எதிரெதிராக இரண்டு நீள வரிசை. மேடையில் ஒருவர் மைக்கில் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார், பாதியில் நிறுத்திவிட்டார். ஆனாலும் யாரும் தடுமாறவில்லை. கடைசியில் அவர் ஒரு விரலைத் தூக்கினார். கொஞ்ச நேரத்தில் பிடில், பியானோ, நடனம் எல்லாம் ஒன்றாக நின்றன. இங்கே யார் சொல்வதை யார் கேட்கிறார்கள்?

எஸ்., பாஸ்டன்

அன்புள்ள எஸ்.,

சில வருடங்களுக்கு முன் மாசசூசெட்ஸில் நான்கு மாதம் இருந்தேன். வாரம் தவறாமல் போவேன். இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு மேடையோரம் உட்கார்ந்துவிடுவேன். உங்கள் கேள்விதான் எனக்கும் இருந்தது.

எல்லோரும் மெட்டைத்தான் கேட்கிறார்கள். மெட்டுக்கு இரண்டு பகுதி, ஒவ்வொன்றும் 16 அடி, அதாவது 16 தாளத்தட்டு. ஒவ்வொரு பகுதியையும் இரண்டு முறை வாசித்தால் 64 அடி. நடனத்தின் ஒரு சுற்றும் சரியாக அதே 64 அடி. நிமிடத்துக்கு 110 முதல் 120 அடி வேகத்தில் போவதால், ஒரு சுற்றுக்கு அரை நிமிடத்துக்குச் சற்று அதிகம். சுற்று முடிந்ததும் உங்கள் எதிரே அடுத்த ஜோடி வந்து நிற்கும், மெட்டும் முதலிலிருந்து தொடங்கும்.

அந்தச் சொல்பவரை அங்கே 'காலர்' என்கிறார்கள். அவர் சொல் அடிக்கு முன்னால் விழ வேண்டும். 'ஸ்விங்', அதாவது ஜோடி ஒருவரையொருவர் பிடித்துச் சுழல்வது, முதல் அடியில் தொடங்குகிறதென்றால், முந்தைய அசைவின் கடைசி இரண்டு மூன்று அடிக்குள் அந்தச் சொல்லை முடித்துவிட வேண்டும். ஒரு சின்ன ஊர்க் கூடத்தில் புதிதாகச் சொல்ல வந்த ஒருவர் இதில் பிந்திக்கொண்டே இருந்தார். வரிசை முழுக்க அரை அடி தாமதம். பியானோக்காரர் ஒன்றும் பேசவில்லை. ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் இடது கையை ஓங்கி இறக்கினார், அவ்வளவுதான். மூன்றாவது சுற்றில் கால்கள் எல்லாம் மெட்டுக்குள் வந்துவிட்டன. அன்றைக்கு நடனத்தைச் சொன்னது அந்த இடது கை என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். நியூ ஹாம்ப்ஷயரில் பாப் மக்விலன் என்றொரு பியானோக்காரர் இருந்தார். இந்த நடனத்துக்காகவே ஆயிரத்துக்கும் மேல் மெட்டு கட்டியவர். 2002இல் அமெரிக்க அரசின் தேசிய மரபுக் கலைஞர் விருது அவருக்குக் கிடைத்தது. பியானோ நாற்காலிக்கு அங்கே அத்தனை மதிப்பு.

ஆட்டத்துக்கு முன்பே சொல்பவர் தன் நடனச் சீட்டை இசைக்காரர்களிடம் காட்டிவிடுவார். 'இரண்டாவது பகுதி முதல்முறை வரும்போது பேலன்ஸ் வருகிறது, அங்கே அழுத்தம் வேண்டும்' என்பார். கை பிடித்து முன்னும் பின்னும் அடியெடுத்து வைப்பதுதான் பேலன்ஸ். பேலன்ஸுக்கு 4 அடி, அதைத் தொடரும் ஸ்விங்குக்கு 12. அந்த நான்கு அடியில் துள்ளுகிற மெட்டாகப் பார்த்து எடுப்பார்கள். அசைவுகள் வழுக்கிக்கொண்டு போகிற நடனமென்றால் மெட்டும் வழுக்க வேண்டும். அப்புறம் அவர் மெட்டில்லாமல் ஒருமுறை நடத்திக்காட்டுவார். அந்த நேரத்தில் பிடிலைச் சும்மா வருடிக்கொண்டிருக்கக் கூடாது, புதிதாக வந்தவர் காதில் சொல் விழாது. பிறகு 'நாலு உருளைக்கிழங்கு' என்று கேட்பார். பிடில்காரர் ஒரே சுரத்தில் வில்லை நான்கு முறை குலுக்கி இழுப்பதற்குத்தான் அந்தப் பெயர். வேகம் இதுதான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

நான்கைந்து சுற்றில் ஆடுபவர்களுக்கு அசைவுகளின் வரிசை பழகிவிடும். அங்கே பேச்சைக் குறைக்கத் தெரிந்தவர்தான் நல்ல சொல்பவர். அவர் ஓய்ந்ததும் இசைக்காரர்களுக்கு இடம் கிடைக்கிறது. மெட்டை மாற்றுவார்கள். பேலன்ஸ் வரும்போது பியானோ சட்டென்று நின்றுவிடும், மரத்தரையில் அறுபது பேரின் கால் மட்டும் கேட்கும். எனக்கு அந்த ஒலி போதும், மற்றதெல்லாம் அப்புறம்தான்.

நீங்கள் பார்த்தது ஒரு விரல். அதற்கு முன்னால் மூன்று விரல் காட்டியிருப்பார்: இன்னும் மூன்று சுற்று. கடைசியாக ஒரு மெட்டு மாற்ற வேண்டுமானால் அதற்குள் மாற்றிக்கொள்ளலாம். ஒரு விரல் என்றால் இதுவே கடைசிச் சுற்று. சில குழுக்களில் பிடில்காரர் ஒரு காலை நீட்டித் தூக்குவார், கூட வாசிப்பவர்களுக்கு அது போதும்.

அடுத்த முறை போகும்போது வரிசையின் கோடி வரை ஆடுங்கள். கோடிக்கு வந்த ஜோடி ஒரு சுற்று ஆடாமல் நிற்க வேண்டும். அந்த அரை நிமிடமும் மேடையிலிருக்கும் கைகளைப் பாருங்கள்.